ஜெயன்ட் கௌராமி: கண்ணாடித் தொட்டியா, சிமெண்ட் தொட்டியா, குளமா?

வண்ணமீன் கடைகளில் ஜெயன்ட் கௌராமிக் குஞ்சு இரண்டு மூன்று அங்குல நீளத்தில் கிடைக்கும். கூரிய மூக்கு, உடம்பில் எட்டு முதல் பத்து வரை கரும்பட்டைகள், வால் அடியில் ஒரு கரும்புள்ளி. முத்துக் கௌராமிக்கும் நீலக் கௌராமிக்கும் உறவு என்பதால் அவற்றின் பக்கத்துத் தொட்டியிலேயே வைத்திருப்பார்கள். வாங்குபவரும் அவற்றைப் போல நாலைந்து அங்குலத்தில் வளர்ச்சி நின்றுவிடும் என்று நம்பி இரண்டடித் தொட்டியில் விடுவார். வளர்ச்சி நிற்காது. நல்ல தீனியும் இடமும் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே ஏழெட்டு அங்குலம், மூன்று நான்கு ஆண்டுகளில் ஒன்றரை அடி. இயற்கையில் 70 செ.மீ. வரை வளர்ந்தவை உண்டு. வயதாக ஆக நெற்றி புடைக்கும், உதடு தடிக்கும், பட்டைகள் மறையும். பதினைந்து இருபது ஆண்டுகள் வாழும்.

ஆகவே இன்று கையில் இருக்கும் குஞ்சை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யக் கூடாது. ஒன்றரை அடி நீளமும் இரண்டு மூன்று கிலோ எடையும் உள்ள ஒரு மீனைப் பதினைந்து ஆண்டுகள் எங்கே வைப்பது என்பதே கேள்வி. தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் வீடுகளுக்கு நான்கு வழிகள் உண்டு: கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி, தோட்டத்தில் சிமெண்ட் தொட்டி, தார்பாலின் தொட்டி, மண் குளம். நான்கிலும் மீன் உயிரோடு இருக்கும். எதில் நன்றாக இருக்கும், எதில் நமக்கு முதுகு ஒடியாது என்பதில்தான் வேறுபாடு.

முடிவைத் தீர்மானிக்கும் குணங்கள்

இதன் தாயகம் சுமத்ரா, ஜாவா, போர்னியோ, மலாய் தீபகற்பம், மீகாங் பகுதி. தேங்கிய, வெதுவெதுப்பான, செடி மண்டிய நீர்தான் இதற்குப் பழக்கம். 1916-ல் சென்னை மாகாண மீன்துறை ஜாவாவிலிருந்து இதைத் தருவித்தது உணவுக்காக. அலங்காரத்துக்கு வளர்ப்பது பின்னால் வந்த வழக்கம். இலங்கையின் நீர்த்தேக்கங்களிலும் இதே போலக் கொண்டுவந்து விடப்பட்டது. நம் ஊர் வெப்பநிலை இதற்கு ஒத்துப்போகும். 24 முதல் 30 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மட்டும் திறந்தவெளித் தொட்டியை மறந்துவிடலாம்.

செவுளோடு சேர்த்து, மேலே வந்து வாயால் காற்றை எடுத்து மூச்சுவிடும் உறுப்பும் இதற்கு உண்டு. மின்சாரம் ஆறு மணி நேரம் போனால் தங்கமீன் தவிக்கும், கௌராமி தவிக்காது. இது உண்மையான வசதி. ஆனால் இதை வைத்தே பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்: காற்றைச் சுவாசிக்கிற மீனுக்குப் பில்டர் எதற்கு என்று. மூச்சுத் திணறல் வேறு, அம்மோனியா நஞ்சு வேறு. கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளைத்தான் அரிக்கும், அதற்கு மேலே வந்து எடுக்கும் காற்று உதவாது. அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாவுக்கும் நீரில் கரைந்த ஆக்ஸிஜன் வேண்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மீன் நன்றாக இருந்து, பில்டருக்குள் பாக்டீரியா செத்துப்போய், இரண்டு நாள் கழித்து மீன் மங்கிப்போவது இதனால்தான்.

மூன்றாவது குணம் தீனி. வளர்ந்த கௌராமி பெரும்பாலும் இலைதின்னி. இலை தின்னும் மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். நான்காவது குணம் பயம். கதவு படாரென்று சாத்தினால், இருட்டில் திடீரென விளக்கு எரிந்தால், முழு வேகத்தில் பாயும் அல்லது துள்ளும். இரண்டு கிலோ மீன் கண்ணாடியில் மோதினால் மூக்கு கிழியும், மூடியில் மோதினால் மூடி பறக்கும்.

கண்ணாடித் தொட்டி

வளர்ந்த ஒற்றை மீனுக்குக் குறைந்தபட்சம் 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம். இதில் பேரம் பேசக் கூடாத அளவு அகலம். ஒன்றரை அடி மீன் உடம்பை வளைக்காமல் திரும்ப இரண்டரை அடியாவது வேண்டும். ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் வளர்ந்த மீன் திரும்பும் ஒவ்வொரு முறையும் வாலை மடக்கும். முதுகு வளைவதும், உடல் சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரிவதும் இப்படித்தான் தொடங்கும்.

விளிம்பிலிருந்து 4 அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 700 லிட்டர் பிடிக்கும். அந்த இடைவெளியை விட்டே ஆக வேண்டும். மீன் மேலே வந்து காற்றெடுக்கவும் அது வேண்டும், துள்ளும்போது மூடியில் இடிக்காமலிருக்கவும் வேண்டும். கண்ணாடி 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மேல்விளிம்பைச் சுற்றி உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் பிதுங்கும். இந்தக் கண்ணாடியே 137 கிலோ வரும். தண்ணீரும் ஸ்டாண்டும் சேர்த்தால் மொத்தம் ஒரு டன்னை ஒட்டி நிற்கும்.

தரைத்தளத்தில் ஒரு டன் பிரச்சினை இல்லை. மாடியில் யோசிக்க வேண்டும். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. இந்தத் தொட்டி தன் அடியில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இறக்கும். பீம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாட்டில் வைத்தால் பல வீடுகளில் தாங்கும்தான். ஆனால் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்த ஒரு பொறியாளர் சரி என்று சொன்ன பிறகே வையுங்கள்.

பில்டருக்குத் தொட்டியின் அடியில் சம்ப், அதாவது அறைகள் பிரித்த தனி வடிகட்டுத் தொட்டி, வைப்பதே இந்த மீனுக்குச் சரி. மணிக்கு 3,000 முதல் 3,500 லிட்டர் வரை இறைக்கும் பம்பு, முதல் அறையில் பில்டர் பஞ்சு, அடுத்த அறையில் பாக்டீரியா குடியிருக்கச் செராமிக் வளையமோ பயோபால் என்ற பிளாஸ்டிக் உருண்டையோ. பஞ்சை வாரம் இருமுறை அலச வேண்டியிருக்கும், ஏனென்றால் இலைநார்க் கழிவு வேகமாக அடைக்கும். மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் பில்டர் வைத்தால் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து மூட வேண்டும். மூன்றாம் மாதம் அலுத்துவிடும், நான்காம் மாதம் தண்ணீர் நாறும். பம்பு 60 வாட் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் 86 யூனிட் சேரும். அதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வாரம் முப்பது சதவீதம் நீர் மாற்ற வேண்டும். அதாவது 210 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 14 வாளி. மாதத்துக்கு 900 லிட்டர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் இது ஏப்ரல், மே மாதங்களில் உண்மையான தடை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் தயோசல்பேட் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் காற்றூதி வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

உள்ளே செடி வைத்தால் தின்றுவிடும். கூழாங்கல் பரப்பினால் கழிவு அதனுள் இறங்கும், அடித்தளம் வெறுமையாக இருப்பதே நல்லது. பெரிய மரக்கட்டை ஒன்று போதும், கூர்முனை இல்லாததாக. பின்பக்கத்தையும் ஒரு பக்கத்தையும் வெளியே கறுப்புத் தாள் ஒட்டி மறைத்தால் மீனின் பதற்றம் குறையும்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஏன் வளர்க்க வேண்டும்? ஒரே காரணம்தான், அது வலுவான காரணம்: இந்த மீன் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். தீனி போடுபவர் அறைக்குள் வந்தால் முன்கண்ணாடிக்கு வரும், கையிலிருந்து இலையை வாங்கித் தின்னும், கண்ணை உருட்டிப் பார்க்கும். அந்த நெருக்கம் மேலிருந்து மட்டும் பார்க்கும் தொட்டியில் பாதிகூடக் கிடைக்காது. தினமும் மனிதர்கள் நடமாடும் கூடம், தரைத்தளம், தண்ணீர் வசதி மூன்றும் இருந்தால் கண்ணாடித் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். துணைக்கு இன்னொரு கௌராமி வேண்டாம். இளம் வயதில் ஒன்றையொன்று கடித்துக் குதறும், இந்த இடத்தில் தோற்றது ஓடி ஒளிய வழியில்லை.

சிமெண்ட் தொட்டி

வீட்டைச் சுற்றி நூறு சதுர அடி மண் இருந்தால் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். 10 அடிக்கு 6 அடி, உயரம் 3 அடி. இரண்டரை அடி நிரப்பினால் 4,250 லிட்டர். கண்ணாடித் தொட்டியைப் போல ஆறு மடங்கு. தண்ணீரின் அளவு கூடினால் நம் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். ஒரு நாள் தீனி அதிகம் விழுந்தால் 700 லிட்டரில் தெரியும், 4,000 லிட்டரில் தெரியாது. மூன்று மீன்களை ஒன்றாக வளர்த்துப் பெரிதாக்கலாம்.

கட்டும்போது பாதி உயரத்தை மண்ணுக்குள் இறக்குங்கள். மண் சூழ்ந்த நீர் மே மாதப் பகலில் அவ்வளவு சுடாது, மார்கழி இரவில் அவ்வளவு குளிராது. மீதி ஒன்றரை அடி தரைக்கு மேலே நிற்கட்டும், மழைநீரும் குப்பையும் வழிந்து உள்ளே வராமல் இருக்க. அடியில் கெட்டித்த மண் மேல் கம்பிவலை போட்ட 4 அங்குலக் கான்கிரீட், சுற்றி 9 அங்குலச் செங்கல் சுவர், உள்பூச்சில் நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை. மூலைகளை உருட்டிப் பூசச் சொல்லுங்கள். கூர்மூலையில் கழிவு தங்கும், பயந்து பாயும் மீனும் அங்கேதான் போய் முட்டும். தரை ஒரு முனைக்கு 3 அங்குலம் சரியட்டும், அந்த முனையில் 2 அங்குல பி.வி.சி. வடிகுழாய். கொத்தனார் இதை வேண்டாத வேலை என்பார். இது இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க வாளியால் இறைப்பீர்கள்.

புதுச் சிமெண்ட் தொட்டியில் உடனே விட்ட மீன் சாவதற்குக் காரணம் சுண்ணாம்பு. பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பத்துக்கு மேல் ஏற்றிவிடும். கண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு போலத் தெரியும், செவுளோ வெந்துபோகும். பூச்சு ஒரு வாரம் நீரில் பதமாகட்டும். பிறகு நிரப்பி, வாழைமரத் தண்டைத் துண்டுகளாக வெட்டிப் போட்டு ஐந்தாறு நாள் அழுக விட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. கடைசியில் தேய்த்துக் கழுவி நிரப்பி, இரண்டு நாள் கழித்துச் சோதியுங்கள். பி.எச். எட்டரைக்குக் கீழே நின்றால் மீனை விடலாம். மூன்று வாரம் காத்திருக்க மனமில்லாதவர்கள் எபாக்ஸி பூச்சு அடித்து, அது முழுதாகக் காய்ந்த பிறகு நிரப்பலாம்.

பில்டருக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று. அதில் முக்கால் அங்குல ஜல்லியைக் கழுவி முக்கால் உயரம் நிரப்பி, மேலே கல்வாழையை வேரோடு நட்டுவிடுங்கள். மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் சிறு பம்பு டிரம்மின் அடிக்கு நீரை அனுப்ப, அது ஜல்லியினூடே மேலேறி வழிந்து தொட்டிக்குத் திரும்பும். கழிவில் உள்ள சத்தைக் கல்வாழை எடுத்துக்கொள்ளும். டிரம் அடியில் ஒரு வால்வு வைத்து இரண்டு வாரத்துக்கொரு முறை திறந்துவிட்டால் சேறு வெளியேறும். வாரம் 400 லிட்டர் மாற்றும் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். வாழைக்கும் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கண்ணாடித் தொட்டியில் தண்டமாகப் போகும் நீர் இங்கே பயிராகிறது என்பதால், தண்ணீர்க் கணக்கிலும் சிமெண்ட் தொட்டியே முந்துகிறது.

மேலே 50 சதவீத நிழல்வலை கட்டாயம். நேர்வெயில் பட்டால் நீர் ஒரு வாரத்தில் பச்சையாகும். நிழல்வலை மீன்கொத்தியையும் கொக்கையும் தடுக்கும், பூனையைத் தடுக்காது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நிழல்வலையை நம்பவே கூடாது. இரண்டரை அடித் தண்ணீர் குழந்தைக்கு ஆபத்து. பூட்டக்கூடிய இரும்புக் கிராதி போட்டு அதன்மேல் வலையை விரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் வழிவுக்குழாயில் கம்பிவலை இருக்கிறதா என்று பாருங்கள்.

குறை ஒன்று உண்டு. மேலிருந்து பார்க்கும்போது கரிய முதுகு மட்டும்தான் தெரியும். அல்பினோ ரகம் எடுத்தால் மேலிருந்தும் அழகாகத் தெரியும், ஆனால் மீன்கொத்திக்கும் அப்படியே தெரியும்.

மொட்டை மாடியில் கட்டலாமா?

கூடாது. இதை நீட்டிச் சொல்லக் காரணம், எளிய கணக்கு பலருக்குத் தெரியாமலிருப்பதே. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமான வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. வெறும் 15 செ.மீ. ஆழத் தண்ணீரே அந்த எடை. இரண்டரை அடி நீர் 760 கிலோ, அதன் மேல் செங்கல் சுவர் எடை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி தாங்குகிறதே என்பார்கள். அதற்கென்று தூணும் பீமும் அமைத்திருப்பார்கள். தளத்தின் நடுவில் வைக்கும் மீன் தொட்டிக்கு அப்படி எதுவும் இல்லை.

தார்பாலின் தொட்டி

10 அடி விட்டம், 4 அடி உயரம் உள்ள வட்டத் தொட்டி இரும்புவலைச் சட்டத்தோடு ஒரு நாளில் நிற்கும், முழுதாக நிரப்பினால் 8,900 லிட்டர் கொள்ளும். செலவு குறைவு, வாடகை வீட்டிலிருந்து கழற்றியும் எடுத்துப் போகலாம், சுண்ணாம்புத் தொல்லை கிடையாது. ஆனால் எலி கடிக்கும், வெயிலில் தாள் முறுகும், சட்டம் அடியில் துருப்பிடிக்கும். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். பதினைந்து ஆண்டு வாழும் மீனைக் குறைந்தது மூன்று முறை இடம் மாற்ற வேண்டும் என்று பொருள். கௌராமி இடமாற்றத்தை வெறுக்கும் மீன். ஆகவே குஞ்சை ஓரடி வரை வளர்த்தெடுக்க நல்ல இடம், கடைசி வீடாகக் கொள்ள ஏற்றதல்ல.

மண் குளம்

ஒரு சென்ட் நிலத்தில் 4 அடி ஆழத்துக்கு வெட்டினால், கரைச்சரிவு போக 30,000 லிட்டருக்கு மேல் நிற்கும். களிமண் நிலத்தில் அப்படியே நிற்கும், செம்மண்ணிலும் மணலிலும் தாள் விரிக்காமல் நிற்காது. ஐந்தாறு மீன் விட்டால் பில்டர், பம்பு எதுவும் வேண்டாம். மீனுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை வேறெதிலும் இல்லை. ஆனால் அதை நீங்கள் பார்ப்பது அரிது. மாலையில் மேலே வந்து காற்றெடுக்கும் வட்டம் ஒன்று தெரியும், இலை போட்டால் வாய் தெரியும், அவ்வளவே.

தயாரிப்பு எளிது. குளத்தை வற்றவைத்து அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டு, சென்ட்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து நிரப்புங்கள். சிக்கல் எல்லாம் எதிரிகளில்தான். விரால், நீர்க்காகம், தண்ணீர்ப் பாம்பு மூன்றுக்கும் சின்னக் கௌராமி நல்ல விருந்து. ஆறு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சைக் குளத்தில் விடாதீர்கள். தாமரை, அல்லி வளர்க்கும் குளம் என்றால் கௌராமியை மறந்துவிடுங்கள், இளந்தளிர் ஒன்றும் மிஞ்சாது.

இனப்பெருக்கம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் குளமே வழி. ஆண் மீன் நார் சேர்த்துக் கரையோரம் பறவைக்கூடு போலக் கட்டும். ஜாவாவில் இதற்குப் பனை இனத்து மரநாரைத் தண்ணீரில் வைப்பார்கள், நம் ஊரில் கழுவிய தேங்காய் நார் வைக்கலாம்.

ஏரி, வாய்க்கால், ஓடையை ஒட்டிய நிலத்தில் மட்டும் இந்தக் குளம் வேண்டாம். கரை உடைந்தாலோ வழிந்தாலோ மீன் வெளியேறும். நம் நீர்நிலைகளில் இருக்கக்கூடாத அயல்நாட்டு மீன் இது. வளர்க்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவதும் இதே தீங்குதான்.

தீனி எங்கும் ஒன்றுதான்

நாலு அங்குலம் வரை 35 சதவீதத்துக்கு மேல் புரதமுள்ள சிறு மிதவைத் தீனி, கூடவே கொசுப்புழு. அதன் பிறகு இலையைக் கூட்டுங்கள். ஓரடி ஆனதும் வள்ளைக்கீரை, பசலை, முட்டைக்கோஸ், அசோலா, வெள்ளரி, வேகவைத்த பச்சைப் பட்டாணி ஆகியவை பாதிக்கு மேல் இருக்கட்டும். மிதவைத் தீனி உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு போதும், இரண்டு கிலோ மீனுக்கு 20 கிராம். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும் என்பதால் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே ஒரு பாத்தி வள்ளைக்கீரை போட்டு அந்தக் கழிவுநீரையே பாய்ச்சலாம். கோழிக்கறி, மாட்டிதயம், உயிர்மீன், பரோட்டாத் துண்டு எதுவும் வேண்டாம். கொழுப்பு ஈரலில் தங்கும், வயிறு பெருத்து இளவயதிலேயே சாகும்.

யாருக்கு எது?

அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் மூன்றடித் தொட்டி ஒன்றுதான் முடியும் என்றால் இந்த மீனை வாங்காதீர்கள். சிவப்பு வால் ரகம் சற்றுச் சிறியதென்று கடையில் சொல்வார்கள், அதுவும் ஒன்றரை அடியை நெருங்கும். முத்துக் கௌராமி நாலைந்து அங்குலத்தில் நிற்கும், மூன்றடித் தொட்டியில் ஆறு மீன் அழகாக வாழும். தரைத்தள வீடு, தோட்டம் இல்லை என்றால் ஆறடிக் கண்ணாடித் தொட்டி, ஒற்றை மீன். கொல்லைப்புறம் இருந்தால் சிமெண்ட் தொட்டி, மூன்று மீன். தோப்பும் கிணறும் இருந்து, மீனை அடிக்கடி பார்க்கவேண்டும் என்ற ஆசை இல்லையென்றால் குளம். இரண்டையும் கலந்து செய்வதும் நல்ல முறை: முதல் ஆண்டு நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கையில் பழக்கி, எட்டு அங்குலமானதும் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றுவது. சிறுவயதில் பழகிய மீன் பெரிய தொட்டியிலும் குரல் கேட்டு ஓரத்துக்கு வரும்.

அந்த மாற்றத்தைச் செய்யும் முறை: முந்தைய நாளே தீனியை நிறுத்துங்கள், வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது. வலையால் பிடிக்காதீர்கள், முதுகுத் துடுப்பின் முள் சிக்கி, துள்ளலில் செதில் உரியும். தொட்டி நீரைப் பாதியாகக் குறைத்து, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் கூடையை நீருக்குள் அமிழ்த்தி, மீனை மெல்ல அதற்குள் ஓட்டி, ஈரத்துணியால் மூடித் தூக்குங்கள். பழைய நீரிலேயே ஒரு டிரம்மில் வைத்து, புது நீரை அரைமணி நேரம் சிறிது சிறிதாகக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். புதுத் தொட்டி நீரில் 100 லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்திருந்தால் உரசல் காயம் சீழ் பிடிக்காது. கல்வாழை நட்ட டிரம் ஓடிக்கொண்டிருந்தால், உப்பு வேரைத் தாக்காமலிருக்க முதல் ஒரு வாரம் செடியைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மீன் மூலையில் கறுத்துப்போய் நிற்கும், தின்னாது. மருந்து ஊற்றாதீர்கள். நாலாம் நாள் ஒரு வள்ளைக்கீரைக் கட்டை மிதக்கவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.